கறுத்த சேவலும் வெள்ளைப் பெட்டையும் சேர்ந்தால்

அருமனைப் பக்கம் ரப்பர் விளைக்கு (தோட்டத்துக்கு) நடுவே வீடு, கையில் எட்டு நாட்டுப் பெட்டைகள். தோல்வரை கறுத்த ஒரு கடக்நாத் சேவலையும் நான்கு வெள்ளை லெகார்ன் பெட்டைகளையும் விலை பேசி வைத்திருக்கிறீர்கள். இவற்றைக் கலந்தால் கண்ணுக்கும் அழகாய், முட்டையும் நிறைய இடும் கோழி கிடைக்குமா, இல்லையென்றால் எதோடு எதைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "பிறகு அந்தக் குஞ்சுகளையே பெருக்கிக்கொண்டு போகலாம் அல்லவா?" என்று ஒரு வரி. உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அழகும் முட்டையும் ஒரே கோழியில் சேருமா என்றால், சேரும். அந்தக் கோழி தன்னைப் போலவே பெற்றுக்கொண்டு போகுமா என்றால், போகாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்கியவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர். அதில் நானும் உண்டு.

என்னைப் பற்றி இரண்டு வரி. கால்நடை ஆய்வாளராகத் தக்கலை, குலசேகரம் வட்டாரத்தில் 30 ஆண்டுக்கு மேல் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் அலைந்து ஓய்வு பெற்றவன். இப்போது என் விளையில் 14 பெட்டைகளும் இரண்டு சேவல்களும் மேய்கின்றன. நான் மருத்துவர் அல்லன், மரபியல் ஆராய்ச்சியாளனும் அல்லன். ஆகவே நூல்களில் உறுதிப்பட்டது எது, விளையில் கண்டு நான் சொல்வது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் பேசி வைத்திருக்கும் ஜோடி. கடக்நாத் சேவலின் கருமையும் லெகார்னின் முட்டையும் சேர்ந்தால் கன்னங்கரேலென்று நிறைய முட்டையிடும் கோழி வரும் என்பது உங்கள் கணக்கு. வராது. வெள்ளை லெகார்னின் வெள்ளை, நிறம் இல்லாததால் வந்த வெள்ளை அன்று. மற்ற நிறங்களை, அதிலும் கறுப்பை, அடக்கி வைக்கும் வெள்ளை. அது ஓங்கு பண்பு. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பங்கு கிடைத்தாலே போதும், குஞ்சு வெள்ளையாகத்தான் இறகு போடும்; அங்கங்கே மை தெளித்ததுபோல் சில கறுப்புப் புள்ளிகள் மட்டும் தப்பித்து வெளியே வரும். கேரளத்தின் மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமலட்சுமிக் கோழியைப் பார்த்திருந்தால் புரியும். கறுப்பு ஆஸ்ட்ராலார்ப்பும் வெள்ளை லெகார்னும் கலந்த கோழி அது. நிறமோ வெள்ளை, மேலே கறுப்புப் பொட்டுகள். முட்டைக்கு நல்ல கோழி. ஆனால் நீங்கள் கேட்ட அழகு அதில் இல்லை. இன்னொன்று, இது என் அனுபவம் மட்டுமே: திறந்த விளையில் மேயும் வெள்ளைக் கோழியைத்தான் பருந்து முதலில் தூக்குகிறது. கரும்பழுப்பு நிறப் பெட்டை சருகோடு சருகாக ஒடுங்கிவிடும்.

தோலின் கருமைக்கு வேறு ஒரு கணக்கு உண்டு, அது சுவாரசியமானது. கருந்தோல் ஓங்கு பண்புதான். ஆனால் மஞ்சள் கால், வெளிறிய கால் உள்ள சீமை இனங்கள் பலவற்றில் அந்தக் கருமையைத் தோலில் இறங்கவிடாமல் தடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது, அது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால்சார் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. கோழியில் தாய்க்கு இருக்கும் அந்தக் குரோமோசோம் மகனுக்குத்தான் போகும். மகளுக்கு அது தந்தையிடமிருந்தே வரும். எனவே சேவல் கருந்தோலாகவும் பெட்டை வெளிர்தோலாகவும் இருந்தால் பெட்டைக் குஞ்சுகள் கறுக்கும், சேவல் குஞ்சுகள் வெளிறும். திருப்பிப் போட்டால், அதாவது கடக்நாத் பெட்டைக்கு வெளிர்தோல் சேவலை விட்டால், மகளும் வெளிறிவிடும். இங்கிலாந்தில் பேட்சன், பன்னெட் என்ற மரபியலாளர்கள் சில்கி என்ற கருந்தோல் கோழியையும் பழுப்பு லெகார்னையும் இரண்டு விதமாகவும் சேர்த்துப் பார்த்து 1911இலேயே இதை எழுதிவிட்டார்கள். ஆக, கடக்நாத்தைச் சேவலாக எடுத்ததில் நீங்கள் தற்செயலாகச் சரியான பக்கம் நிற்கிறீர்கள். பெட்டைதான் தவறு.

அந்தச் சேவலுக்கு வெள்ளை லெகார்னுக்குப் பதிலாக ரோட் ஐலண்ட் ரெட் என்ற செந்நிற இனப் பெட்டையைக் கொடுத்துப் பாருங்கள். இசத்நகரில் உள்ள மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிறுவனம் 'ஷ்யாமா' என்ற புறக்கடைக் கோழியை உருவாக்கியது கடக்நாத்தையும் தன் சிவப்பு வகையையும் கலந்துதான். உங்களுக்குக் கிடைக்கப்போகும் மகள்கள் பெரும்பாலும் கறுப்பாக, கால் கறுத்து, கொண்டை மங்கி வரும். கழுத்தில் ஒரு கீற்று ஒளி இருக்கும். அந்தக் கீற்று பொன்னா வெள்ளியா என்பது சேவல் கடக்நாத்தில் எந்த வகை என்பதைப் பொறுத்தது. காலை வெயிலில் அந்தக் கறுப்பில் பச்சை மின்னும். அழகு என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். முட்டை கறுப்பாக இருக்காது. கடக்நாத்தே வெளிர்பழுப்பு முட்டைதான் இடுகிறது, கலப்பும் பழுப்பில் ஏதோ ஒரு சாயலில் இடும்.

இனி முட்டை. நம் நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடுவதால் கணக்கு அதற்கு மேல் ஏறுவதில்லை. ரோட் ஐலண்ட் ரெட் நல்ல தீவனத்தில் 200ஐத் தாண்டும். பண்ணை லெகார்ன் 300ஐ ஒட்டி இடும். முதல் கலப்பு இவற்றுக்கு நடுவில் எங்காவது நிற்கும். விளையில் மேயவிட்டுக் கொஞ்சம் தீவனமும் கொடுத்தால் 120 முதல் 160 வரை எதிர்பார்க்கலாம். இது என் கைக்கணக்கு, ஆராய்ச்சி முடிவு அன்று. விற்பவர் "கலப்பு, 250 கட்டாயம்" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நம் ஆட்கள் சேவல் வாங்கும்போது கழுத்து இறகைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், கையில் தூக்கி எடை பார்ப்பார்கள். அதன் தாய் எத்தனை முட்டை இட்டாள் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். முட்டைக்கான மரபில் பாதி சேவல் வழியாகத்தான் வருகிறது, சேவலோ முட்டை இட்டுக் காட்டப்போவதில்லை. எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் என்றால் உங்கள் விளையில் பிறக்கும் அத்தனை குஞ்சிலும் பாதி அவன். தாயையும் கூடப்பிறந்த பெட்டைகளையும் பார்த்து, அவை எத்தனை நாள் விட்டு விட்டு இடுகின்றன என்று கேட்டு வாங்கிய சாதாரணச் சேவல், கேட்காமல் வாங்கிய பகட்டான சேவலைவிட மேல்.

என்னையே கேட்டால் நான் கடக்நாத்துக்குப் போகமாட்டேன். மொட்டைக் கழுத்துச் சேவலைத்தான் எடுப்பேன். கழுத்தறுத்தான் கோழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அழகு என்று யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. செவலை நிறமும் கறுத்த வாலுமாக, வெயிலில் சிவந்த கழுத்தோடு ஒரு மொட்டைக் கழுத்துச் சேவல் மண்சுவர் மேல் ஏறி நின்று கூவுவதைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். திருவனந்தபுரம் வட்டாரமே இந்தக் கோழியின் தாயகம் என்று கோழி நூல்கள் சொல்கின்றன. 1956 வரை நாமும் அதே திருவிதாங்கூரில்தான் இருந்தோம். களியக்காவிளையில் மாநில எல்லைக் கோடு போட்டதெல்லாம் மனிதருக்குத்தான். இந்த மரபணு ஒரு பங்கு இருந்தாலே உடம்பில் இறகு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டு பங்கு இருந்தால் 40 சதவீதம் வரை குறைகிறது. சூடு அந்த வெற்றுத் தோல் வழியே வெளியேறிவிடுவதால் வெக்கைக் காலத்தில் மற்றக் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது இது மேய்ந்துகொண்டிருக்கும். தீனி குறையாவிட்டால் முட்டையும் அவ்வளவாகக் குறையாது. ஒரு பங்கா இரண்டு பங்கா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது: கழுத்தின் முன்பக்கம் அடியில் தாடிபோல ஒரு கொத்து இறகு இருந்தால் ஒரு பங்கு, முழுக்க வழுக்கையாய் இருந்தால் இரண்டு பங்கு. முழு வழுக்கைச் சேவலைத் தேடி வாங்குங்கள். அப்போது பிறக்கும் குஞ்சு எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு நிச்சயம். அவனுக்கு ரோட் ஐலண்ட் ரெட் அல்லது கறுப்பு ஆஸ்ட்ராலார்ப் பெட்டை நான்கைந்து போதும். ஆஸ்ட்ராலார்ப் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவில் 1922–23இல் ஆறு பெட்டைகள் 365 நாளில் 1857 முட்டை இட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன. இன்று நம் கைக்கு வரும் ஆஸ்ட்ராலார்ப் அந்த ஆறின் பேத்திகள் என்று நம்பிவிட வேண்டாம், அவ்வளவுதான்.

இவை கிடைக்காவிட்டால், பழுப்பு முட்டை இடும் பண்ணைக் கலப்பினப் பெட்டைகள் பருவத்துக்கு வந்த நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன. அவற்றைத் தாயாக வைத்துக்கொள்ளலாம். அவையே பல வரிசைகளைக் கலந்து வந்தவை என்பதால் குஞ்சுகளின் நிறம் ஒரே அடையில் பத்து விதமாக வரும். பலவண்ணம்தான் அழகு என்பவருக்கு அது குறையில்லை.

அழகைத் தேடும்போது இரண்டு பொறிகள் உண்டு. இறகு சுருண்டு நிற்கும் கோழி இரண்டை இணை சேர்த்தால், குஞ்சுகளில் நான்கில் ஒன்றுக்கு இறகு முழுக்க ஒடிந்து உதிர்ந்து தோல் தெரியும். நம் மழைக்கு அது தாங்காது. சுருட்டை வேண்டுமானால் ஒரு பக்கம் மட்டும் சுருட்டையாக இருக்கட்டும். அதுபோலக் குட்டைக்கால் கோழி. தரையை ஒட்டி நடப்பதைப் பார்க்க வேடிக்கைதான். ஆனால் இரண்டு குட்டைக்கால்களைச் சேர்த்தால் கருவில் நான்கில் ஒன்று முட்டைக்குள்ளேயே செத்துவிடும். "அடை சரியில்லை, இடி இடித்துவிட்டது" என்று வீட்டில் கோழியின் மேல் பழி போடுவார்கள்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். முதல் கலப்புக் குஞ்சுகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும், திடமாகவும் இருக்கும். அதைப் பார்த்து மயங்கி அண்ணனையும் தங்கையையும் சேர்த்து அடுத்த தலைமுறை எடுத்தால், ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்து கலைந்துபோகும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஊர்க்கோழியைத் தரம் உயர்த்துகிறோம் என்று வீடு வீடாக லெகார்ன் சேவல் கொடுத்தோம். முதல் ஈட்டுக் குஞ்சுகள் நன்றாகவே இட்டன. குலசேகரத்துக்கு மேற்கே ஒரு வீட்டில் அவற்றையே நான்கு தலைமுறை பெருக்கினார்கள். கடைசியில் நான் போய்ப் பார்த்தபோது, முட்டை நாட்டுக்கோழி அளவுக்கு இறங்கியிருந்தது; அடை உட்காரும் குணமும் பாதியில் போய்விட்டது, பத்து நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும் பெட்டைகள். அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "சாரே, இது முட்டையும் இடாது, குஞ்சும் பொரிக்காது, இத வச்சு நான் என்ன செய்ய?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் தனியாக வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் முதல் கலப்பையே புதிதாக எடுங்கள். கலப்புச் சேவல்கள் கறிக்கு, கலப்புப் பெட்டைகள் முட்டைக்கு. அதற்கு மேல் அவற்றிலிருந்து குஞ்சு வேண்டாம்.

உங்கள் எட்டு நாட்டுப் பெட்டைகளை விற்றுவிட நினைத்தால் வேண்டாம். அவற்றில் நான்கு பெட்டைகளாவது அடைக்கு வேண்டும். ரோட் ஐலண்ட் ரெட்டை நம்பி அடை வைக்க முடியாது. நாட்டுப் பெட்டை ஒரு கடவப்பெட்டியில் (ஓலைப் பெட்டியில்) கொஞ்சம் மணலும் வைக்கோலும் போட்டு வைத்தால் 10 முதல் 12 முட்டையை 21 நாள் பிசகாமல் பார்த்துக்கொள்ளும். ஏழாம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டையைக் கழித்துவிடுங்கள். பெட்டியில் இரும்பாணியும் கரித்துண்டும் போடும் வழக்கத்தை என் மனைவி இன்னும் விடவில்லை. ஐப்பசி இடிக்கு ஆணி என்ன செய்யும் என்று நான் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

சேவலை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு வாரம், சில வேளை மூன்று வாரம் வரை உயிரோடு தங்கும். ஒருமுறை பழைய சேவலைக் கிறிஸ்துமஸுக்கு அறுத்துவிட்டுப் புதுச் சேவலை விட்டேன். நான்காம் நாளிலிருந்து முட்டை சேர்த்து அடை வைத்தேன். குழம்பில் போன சேவல் அத்தனை குஞ்சிலும் திரும்பி வந்து நின்றது. இப்போதெல்லாம் மூன்று வாரம் முட்டையைச் சாப்பிட்டுத் தீர்த்த பிறகே அடைக்கு எடுக்கிறேன்.

எந்த இனமானாலும் தீனியும் வெளிச்சமும் இல்லாமல் முட்டை வராது. பண்ணைப் பெட்டை நாளுக்கு 110 கிராம் அளவில் முட்டைக்கோழித் தீவனம் தின்றுதான் அந்த எண்ணிக்கையைக் கொடுக்கிறது. ரப்பர் விளையில் மேய்ச்சல் குறைவு. தென்னை, வாழை நிற்கும் விளை அளவுக்குப் புழு பூச்சி கிடைக்காது. கலப்புப் பெட்டைக்கு 60, 70 கிராமாவது கையால் போட வேண்டியிருக்கும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து நம் கடற்கரையிலேயே கிடக்கிறது: சிப்பி ஓட்டைக் கழுவிக் காயவைத்து, கோதுமைக் குருணை அளவுக்கு இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள்; வேண்டிய கோழி தானே கொத்திக்கொள்ளும். கருவாட்டுத் தலையும் மீன் குடலும் அளவோடு இருக்கட்டும். பழுப்பு முட்டை இடும் பெட்டைகளில் சிலவற்றுக்கு அந்த வாடையை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைவு, முட்டையில் மீன் நாற்றம் அடிக்கும். புண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தால் குப்பைக்குக்கூட வேண்டாம், கோழி அங்கேயும் போய்க் கிளறும். குழி தோண்டிப் புதையுங்கள்.

முட்டைப் பருவத்தில் பெட்டைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் நல்லது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை வடக்கே. இங்கே ஜூனில்கூடப் பகல் பன்னிரண்டரை மணியைச் சற்றுத்தான் தாண்டும், டிசம்பரில் பதினொன்றரையை ஒட்டி இறங்கிவிடும். மழைக்காலத்தில் ரப்பர் நிழலுக்குள் அதுவும் இல்லை. கூட்டில் ஒரு சிறு பல்பை அதிகாலை நான்கு மணிக்கு எரியவிட்டால் போதும். மாலையில் எரித்துத் திடீரென்று அணைத்தால், பரண் ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே தங்கி மரநாய்க்கு இரையாகும். முட்டையிடும் வயதுக்கு முன்னால் குஞ்சுகளுக்கு இந்தக் கூடுதல் வெளிச்சம் வேண்டாம்.

நீலம், பச்சை முட்டை பற்றியும் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். ஓட்டின் நிறம் பிறவியில் வருவது, தீனியால் மாறாது. தீனியால் மாறுவது மஞ்சள் கருவின் நிறம்தான். நீல ஓடு தென் அமெரிக்காவின் அரௌகானா வழியில் வரும் ஓங்கு பண்பு. பழுப்பு முட்டைக்காரியோடு சேர்ந்தால் ஆலிவ் பச்சை வரும். நம் நாட்டுக் கோழியிலோ கடக்நாத்திலோ அதைத் தேடிப் பயனில்லை. கூரியரில் 'நீல முட்டை' வரவழைக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முட்டை குலுங்கி வந்தால் பாதிகூடப் பொரிக்காது, பொரித்தாலும் பெட்டை முதல் முட்டை இடும்வரை உண்மை தெரியாது.

வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, நான்காம் வாரம் மீண்டும் தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் ஊசி என்ற வரிசையை எந்தக் கலப்புக்கும் தவறவிடாதீர்கள். வழக்கமாகப் பிப்ரவரியில் கால்நடைத் துறையினர் ஊருக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள், ஆனால் குஞ்சின் வயது அவர்கள் வரும்வரை காத்திருக்காது. நோய் வந்துவிட்டால் மருந்தின் அளவை என்னைப் போன்றவரிடம் கேட்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

லெகார்ன் பெட்டைகளுக்கு முன்பணம் கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கடக்நாத் சேவலில் மனம் நின்றுவிட்டது என்றால் பகல் வெளிச்சத்தில் போங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டக் கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கறுப்பாக இருக்கும் எதையும் கடக்நாத் என்று விற்கிறார்கள். இறகைப் பார்க்க வேண்டாம். அலகைப் பிளந்து நாக்கைப் பாருங்கள், கொண்டையின் அடியைப் பாருங்கள், பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நாக்கு சிவந்திருந்தால் சேவலை அதே கூட்டில் விட்டுவிட்டு, வரும் வழியில் ஒரு மொட்டைக் கழுத்து கிடைக்குமா என்று விசாரியுங்கள்.